பார்ஸ்னிப் முளைக்கலைன்னா கை ராசியை குறை சொல்லாதீங்க

இங்கிலாந்துல அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு எடுக்கற துண்டு நிலம்) வச்சிருக்கறவங்ககிட்டயோ, வீட்டுக்குப் பின்னாடி நாலு பாத்தி போட்டு வச்சிருக்கறவங்ககிட்டயோ எந்தக் காய் உங்களுக்கு சரியா வரமாட்டேங்குதுன்னு கேட்டுப் பாருங்க, பார்ஸ்னிப்ங்கற பேரு கண்டிப்பா வரும். பீன்ஸ் பந்தலை மூடிக்கிட்டு காய்க்கும், கோர்ஜெட் (சுக்கினி) பறிச்சு மாளாது, ஆனா பக்கத்துலயே பார்ஸ்னிப் போட்ட வரிசை மட்டும் மொட்டையா கிடக்கும், அங்கொண்ணு இங்கொண்ணா செடி நிக்கும். ரெண்டு வருஷம் இப்படி ஆனதும் "நமக்கு அது கை ராசி இல்லப்பா"ன்னு விட்டுட்டு கடையில வாங்கிக்கறாங்க. இதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு மனசே ஆறாது, ஏன்னா பார்ஸ்னிப்ல கஷ்டம்னு ஒண்ணு இருந்தா அது மொத ஒரு மாசத்துல மட்டும் தான் இருக்கு. முளைச்சு நாலு இலை விட்டுட்டா அதுக்கப்புறம் அது பாட்டுக்கு வளரும், பெருசா உரம் கேக்காது, பனி விழுந்தாலும் அசராது, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ளயே கெடாம இருக்கும். அந்த ஒரு மாசத்துல விதைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிட்டா மொட்டை வரிசைக்கு வேலையே இல்ல.

பார்ஸ்னிப்பை பாக்காதவங்களுக்கு: கேரட்டோட சொந்தக்காரன் தான், தந்த நிறத்துல இருக்கும், தோள்பட்டை அகலமா ஆரம்பிச்சு கூர்மையா கீழ இறங்கும். வேக வச்சா இனிப்பும் ஒரு மெல்லிய வாசனையும் சேர்ந்து வரும். கேரட், கொத்தமல்லி, சீரகம், ஓமம், சோம்பு, பெருங்காயம் எல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்ப வாசனை இதோட இலையைக் கசக்கினாலும் வரும். தென் அமெரிக்காவுல இருந்து உருளைக்கிழங்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி, கரும்புச் சர்க்கரையும் பணக்காரங்க வீட்டுப் பண்டமா இருந்த காலத்துல, ஐரோப்பாவுல சாதாரண ஜனங்களுக்கு மாவுச்சத்தும் இனிப்பும் ரெண்டுமே இந்தக் கிழங்குல இருந்து தான் கிடைச்சுது. 1600களோட ஆரம்பத்துலயே குடியேறினவங்க இதை வட அமெரிக்காவுக்கு கொண்டு போயிட்டாங்க. உருளைக்கிழங்கு வந்ததும் மத்த இடங்கள்ல கிட்டத்தட்ட மறந்துட்டாங்க, பிரிட்டன்ல மட்டும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல ரோஸ்ட் பண்ணின பார்ஸ்னிப் இன்னைக்கும் இல்லாம இருக்காது.

இப்ப விதைக்கு வரேன், மேட்டரே இங்க தான் இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு விதையை உள்ளங்கையில வச்சு வெளிச்சத்துல பாருங்க. தட்டையா, வட்டமும் இல்லாம நீளமும் இல்லாம, வைக்கோல் நிறத்துல, ஓரத்துல மெல்லிசா ஒரு றெக்கை மாதிரி விளிம்போட இருக்கும், மூச்சு விட்டாலே பறந்துரும். அதோட முதுகுல கறுப்பா மேலிருந்து கீழா நாலு கோடு தெரியும், அது எண்ணெய்க் குழாய், அந்த வாசனை அதுல தான் இருக்கு. கொத்தமல்லி விதையை விதைக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சு ரெண்டா உடைப்போமே, அதே கணக்கு தான் இங்கயும், பூவுல இருந்து வர்ற காய் ரெண்டு பாதியா பிரிஞ்சு ஒவ்வொரு பாதியும் ஒரு விதையா பாக்கெட்டுக்குள்ள வருது. சைஸ்ல பெருசா தெரிஞ்சாலும் உள்ள இருக்கற கரு ரொம்பச் சின்னது. பீன்ஸ் விதைக்குள்ள முழுசா ரெடியான செடி மடிஞ்சு உக்காந்திருக்கும், தண்ணி பட்டதும் எழுந்து வந்துரும். பார்ஸ்னிப் விதை செடியில இருந்து உதிரும்போது அதோட கரு இன்னும் வளர்ந்தே முடிக்கல. விதை தண்ணியைக் குடிச்ச பிறகு, அந்தக் கரு தன்னைச் சுத்தி இருக்கற சாப்பாட்டைத் தின்னு விதைக்குள்ளயே வளர்ந்து பெருசாகணும், அதுக்கப்புறம் தான் முளைவேர் வெளிய எட்டிப் பாக்கும். வெளியில இருந்து பாத்தா ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும். பொறுமை இல்லாம பத்தாவது நாள் மண்ணைக் கிளறி "ஒண்ணும் காணோமே"ன்னு அந்த இடத்துல வேற ஏதாவது போட்டுடறவங்க நிறைய பேர்.

அந்த உள்வேலை எவ்வளவு வேகமா நடக்கும்ங்கறது மண்ணோட சூட்டைப் பொறுத்தது. காய்கறி விதைகள் எந்த டெம்பரேச்சர்ல எத்தனை நாள்ல முளைக்கும்னு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல பல வருஷம் முன்னாடி பரிசோதனை பண்ணி ஒரு அட்டவணை போட்டாங்க, இன்னைக்கும் தோட்டக்காரங்க அதைத் தான் எடுத்துக் காட்டறாங்க. அதுல பார்ஸ்னிப்புக்கு 5 டிகிரி செல்சியஸ்ல 57 நாள், 10 டிகிரியில 27 நாள், 15 டிகிரியில 19 நாள், 20 டிகிரியில 14 நாள், 25 டிகிரியில 15 நாள். 30 டிகிரியில மறுபடி 32 நாளுக்குப் போயிடுது, 35ல முளைக்கறதே இல்ல. நம்ம ஊரு சமவெளி வெயில்ல இது ஏன் எடுபடாதுன்னு அந்தக் கடைசி ரெண்டு நம்பரே சொல்லிடும்.

இதை வச்சு பிரிட்டன்ல இருக்கற ஒரு பழைய பழக்கத்தைப் பாருங்க. பார்ஸ்னிப்புக்கு நீண்ட சீசன் வேணும், அதனால பிப்ரவரியிலயே விதைச்சிடணும்னு பல விதை பாக்கெட் பின்னாடி இன்னைக்கும் போட்டிருக்கும், தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டு வர்றாங்க. பிப்ரவரியில இங்க மண்ணு 4, 5 டிகிரி தான் இருக்கும், ஈரமும் சொதசொதன்னு இருக்கும். அட்டவணைப்படி ரெண்டு மாசம் அந்தச் சகதியில விதை கிடக்கணும், அதுக்குள்ள பாதி அழுகிடும், மிச்சத்துல பூஞ்சை வரும், தப்பிச்சு வர்றதை நத்தை பாத்துக்கும். ஏப்ரல் நடுவுல விதைச்சது மூணு வாரத்துல முளைச்சு, பிப்ரவரியில போட்டதை எட்டிப் புடிச்சிடும், அதுவும் வரிசையில ஓட்டை இல்லாம. என்னோட கருத்து இதுல ரொம்ப உறுதி: காலண்டரை மூடி வச்சிட்டு ஒரு சாதாரண மண் தெர்மாமீட்டர் வாங்குங்க, காலையில 5 சென்டிமீட்டர் ஆழத்துல குத்திப் பாருங்க, ஒரு வாரமா தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல இருந்தா விதைங்க. தெற்கு இங்கிலாந்துல அது மார்ச் கடைசியில இருந்து ஏப்ரலுக்குள்ள வரும், ஸ்காட்லாந்து பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளும். மே மாசம் போட்டாக் கூட கிழங்கு கொஞ்சம் சின்னதா வருமே தவிர வராம போகாது, சொல்லப்போனா அதுல வேற ஒரு லாபமும் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது விஷயம் விதையோட வயசு. தக்காளி விதை நாலஞ்சு வருஷம் டப்பாவுல கிடந்தாலும் முளைக்கும். பார்ஸ்னிப் அப்படி இல்ல, ஒரு வருஷம் தாண்டினா முளைப்புத் திறன் மளமளன்னு இறங்கிடும், ரெண்டு வருஷம் ஆன பாக்கெட்டை நம்பி பாத்தி ரெடி பண்றது வீண் வேலை. புதுசா இருக்கும்போதே அது நூத்துக்கு நூறு முளைக்கற ஜாதி இல்ல. அமெரிக்காவுல விதை விக்கறதுக்கான சட்டத்துல முட்டைக்கோஸ், தக்காளிக்கெல்லாம் குறைஞ்சது 75 சதவீதம் முளைக்கணும்னு தரம் வச்சிருக்காங்க, லெட்யூஸுக்கு 80, பார்ஸ்னிப்புக்கு 60 போதும்னு விட்டிருக்காங்க. இதுக்கு ஒரு காரணம் செடியிலயே இருக்கு. பார்ஸ்னிப் குடை குடையா பூக்கும், உச்சியில மொதல்ல வர்ற பெரிய குடை, அப்புறம் கிளைகள்ல வர்றது, அதுக்கப்புறம் கிளையோட கிளையில வர்றதுன்னு வரிசையா. உச்சிக் குடையில வர்ற விதை தான் கனமா, நல்லா முத்தி இருக்கும், கீழ போகப் போக விதை சின்னதாயிடும், சிலதுல உள்ள கருவே சரியா இருக்காது. பாக்கெட்டுல வர்றது எல்லாக் குடையும் கலந்தது. அதனால ஒவ்வொரு வருஷமும் புது பாக்கெட் வாங்குங்க, வாங்கும்போது பேக் பண்ணின வருஷத்தைப் பாருங்க, தள்ளுபடி விலையில கிடைக்குதேன்னு போன வருஷத்து ஸ்டாக்கை எடுக்காதீங்க. பாக்கெட்டைப் பிரிச்சதும் மிச்சத்தை சேத்து வைக்கவும் வேண்டாம், தாராளமா விதைச்சிடுங்க.

மூணாவது ஈரம், நான் பாத்த வரைக்கும் ஏப்ரல்ல போட்டும் முளைக்காம போறதுக்கு இது தான் பெரிய காரணம். விதை தண்ணி குடிச்சு உள்ள கரு வளர ஆரம்பிச்ச பிறகு ஒரு தடவை நல்லா காஞ்சு போச்சுன்னா, அதுவும் முளைவேர் வெளிய வர்ற சமயத்துல காஞ்சா, கதை முடிஞ்சுது. முள்ளங்கிக்கு நாலு நாள் ஈரம் காப்பாத்தினா போதும், இதுக்கு மூணு நாலு வாரம் காப்பாத்தணும், அதுவும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல கிடக்கற விதைக்கு. பிரிட்டன்ல எப்பவும் மழை தானேன்னு நினைக்காதீங்க, ஏப்ரல் மே மாசத்துல கிழக்குக் காத்து அடிச்சா ரெண்டே நாள்ல மேல்மண் மாவா காஞ்சுரும். களிமண்ணா இருந்தா இன்னொரு வில்லங்கம், பூவாளியில தண்ணி ஊத்த ஊத்த மேல்மண் இறுகி ஓடு கட்டிடும், அந்த ஓட்டைப் பிளந்துக்கிட்டு வர்ற தெம்பு இந்த முளைக்குக் கிடையாது. அதனால நான் விதைக்கு மேல தோட்டத்து மண்ணையே போடறதில்ல. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு கோடு இழுத்து, விதைக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டுக்குள்ள தண்ணியை ஊத்தி நல்லா ஊற விட்டு, விதையைப் போட்டு, மேல சலிச்ச கம்போஸ்ட்டோ, வெர்மிகுலைட்ங்கற லேசான, ஈரம் பிடிக்கற கனிமத் துகளோ தூவி மூடறது. இது ஓடும் கட்டாது, வரிசை எங்க இருக்குன்னும் தெரியும். அதுக்கு மேல ஃப்ளீஸ்னு விக்கற மெல்லிய தோட்டத் துணியைப் போட்டு ஓரத்துல கல்லு வச்சிட்டா காத்துல காயறது பாதியாகும், மண்ணும் ஒண்ணு ரெண்டு டிகிரி சூடா இருக்கும். முளை தெரிஞ்சதும் துணியை எடுத்துடலாம். விதைக்கறதுக்கு காத்தில்லாத நாளாப் பாருங்க, இல்லேன்னா விதை பக்கத்து அலாட்மென்ட்ல தான் முளைக்கும்.

வரிசைக்கும் வரிசைக்கும் 30 சென்டிமீட்டர் விடுங்க. வரிசை முழுக்க தூவாம 15 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்துல மூணு நாலு விதையா வைக்கறது இங்க வழக்கம், அதுல ஒண்ணாவது வந்துரும், விதையும் மிச்சம், அப்புறம் கலைச்சு விடறதும் சுலபம். நடுநடுவுல முள்ளங்கி விதையை அதே கோட்டுல போடறது பழைய காலத்து வழி, அது ஒரு வாரத்துல முளைச்சு கோடு இங்க தான்னு காட்டிக் கொடுக்கும், நீங்களும் தைரியமா ரெண்டு பக்கமும் களை கொத்தலாம், பார்ஸ்னிப் தலையெடுக்கற நேரத்துல முள்ளங்கியைப் பிடுங்கி சமைச்சிடலாம். ரொம்ப நெருக்கமா போட்டா மட்டும் முள்ளங்கி இலை விழுந்து இதை மூடிடும், 15 சென்டிமீட்டர் இடைவெளியில நடுவுல ஒண்ணு போதும்.

ஈரம் காப்பாத்த முடியல, வேலைக்குப் போயிட்டு வந்து அலாட்மென்ட் பக்கம் வாரத்துக்கு ஒரு தரம் தான் போக முடியுது, அப்படிங்கறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, எனக்குப் பிடிச்சதும் இது தான். விதையை வீட்டுக்குள்ளயே முளை கட்டி எடுத்துட்டுப் போறது. பயறு முளை கட்டத் தெரிஞ்ச வீட்டுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சாப்பாடு பார்சல் வருமே அதே போதும். அடியில கிச்சன் பேப்பரை ரெண்டு மூணு மடிப்பா போட்டு நனைச்சு, அதிகமான தண்ணியை சாய்ச்சு வடிச்சிடுங்க, தண்ணி தேங்கினா மூச்சு முட்டி அழுகிடும். விதையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி மூடி போட்டு, வீட்டுக்குள்ள சாதாரணமா 18, 20 டிகிரி இருக்கற இடத்துல வைங்க, ஹீட்டர் மேல வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு தினமும் திறந்து பாருங்க, திறக்கறதே நல்லது, காத்து மாறும், பூஞ்சை பிடிச்ச விதை தெரிஞ்சா எடுத்துப் போட்டுடலாம். பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள விதையோட கூர்மையான முனையில வெள்ளையா ஒரு புள்ளி தெரியும், மறுநாள் அது ரெண்டு மில்லிமீட்டர் வேரா நீண்டிருக்கும். அது தான் நேரம். அஞ்சு மில்லிமீட்டர் தாண்ட விடாதீங்க, வேர் நீண்டு பேப்பருக்குள்ள புகுந்துட்டா எடுக்கும்போது முனை ஒடியும், முனை ஒடிஞ்சா அந்தக் கிழங்கு ரெண்டா மூணா பிரிஞ்சு தான் வளரும்.

முளை வந்ததை மட்டும் ஈரமான சின்ன பிரஷ் முனையிலயோ பல்குத்தற குச்சியிலயோ தொட்டு எடுத்து, தயாரா நனைச்சு வச்சிருக்கற கோட்டுல 15 சென்டிமீட்டருக்கு ஒண்ணு வச்சு, மேல ஒரு சென்டிமீட்டர் கம்போஸ்ட் தூவிட்டா போதும். வேர் எந்தப் பக்கம் இருக்குன்னு கவலைப்பட வேண்டாம், அது தானா கீழ திரும்பிக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல மேல வந்துரும், அதனால ஈரம் காப்பாத்த வேண்டிய காலம் மூணுல ஒரு பங்காயிடுது. எத்தனை விதை முளைச்சுதுன்னு கண்ணாலயே பாத்து வைக்கறதால வரிசையில ஓட்டை விழற பேச்சே இல்ல. இதே யோசனையை 1970கள்ல வார்விக்ஷயர்ல வெல்ஸ்போர்ன் ஊர்ல இருந்த தேசிய காய்கறி ஆராய்ச்சி நிலையத்துல பெரிய அளவுல பண்ணினாங்க, முளை கட்டின விதையை ஒரு கூழுக்குள்ள கலந்து அந்தக் கூழை வரிசையில பிதுக்கி விடற முறை. அதைப் பாத்து வீட்டுத் தோட்டக்காரங்க பூஞ்சை மருந்து கலக்காத வால்பேப்பர் பசையில விதையைக் கலந்து, பிளாஸ்டிக் பையோட மூலையை வெட்டி கோன் பிழியற மாதிரி பிழிஞ்சு விட்டாங்க. இப்பவும் அதைப் பண்றவங்க உண்டு.

நாத்து விட்டு நடலாமான்னு கேப்பாங்க. சாதாரண தட்டுல நாத்து விட்டா வராது, காரணம் ஆணிவேர். மேல ரெண்டு வித்திலை விரிக்கறதுக்குள்ள கீழ வேர் பல சென்டிமீட்டர் இறங்கிடும், தட்டோட அடியில முட்டினதும் வளைஞ்சுக்கும், வளைஞ்ச வேர் பிறகு எத்தனை நல்ல மண்ணுல நட்டாலும் நேராகாது. டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அட்டைக் குழாயில கம்போஸ்ட் நிரப்பி விதைக்கறவங்க இருக்காங்க, அது சரிப்பட்டு வரும், ஆனா வித்திலை தெரிஞ்ச ரெண்டு மூணு நாள்ல குழாயோட சேர்த்து நட்டுடணும், நிஜ இலை வரட்டும்னு காத்திருந்தா வேர் அடியில வெளிய வந்திருக்கும். அட்டையோட மேல் விளிம்பு மண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சி காத்துல விட்டுரும்.

முளை வந்ததும் அடையாளம் தெரியணும், இங்கயும் பலர் கோட்டை விடறாங்க. மொதல்ல வர்ற ஜோடி இலை நீளமா, ஒல்லியா, பட்டை பட்டையா இருக்கும், புல்லுன்னு நினைச்சுப் பிடுங்கிடுவாங்க. புல்லு ஒத்தையா வரும், இது எப்பவும் ஜோடியா எதிரெதிர்ல நிக்கும். அடுத்து வர்ற நிஜ இலை கேரட் மாதிரி பிசிறா இருக்காது, வட்டமா, ஓரத்துல பல்லு பல்லா, கொத்தமல்லியோட மொத இலைக்கு பக்கத்துல வரும். அந்த இலை வந்த பிறகு ஒரு இடத்துக்கு ஒண்ணுன்னு கலைச்சு விடுங்க, பிடுங்காம கத்தரியால வெட்டினா பக்கத்துல இருக்கறதோட வேர் அசையாது, கேரட் ஈயை இழுக்கற வாசனையும் அதிகம் பரவாது. மொத ரெண்டு மாசம் களை மூடாம பாத்துக்கிட்டா அப்புறம் அதோட சொந்த இலையே மண்ணை மூடிடும்.

மண்ணைப் பத்தி சுருக்கமா. ஆழமா, கல்லில்லாம, போன வருஷம் தொழு உரம் போட்ட இடமா இருக்கணும், இந்த வருஷம் புது உரம் போட்ட இடத்துல போட்டா வேர் கண்டபடி கிளைக்கும், இலை தான் செழிக்கும். புளிப்பு மண்ணா இருந்தா முன்கூட்டியே கொஞ்சம் சுண்ணாம்பு. கல்லும் களிமண்ணுமா இருக்கற இடத்துல கடப்பாரை தான் வழி: ரெண்டடி ஆழத்துக்கு குத்தி, சுத்திச் சுத்தி அசைச்சு கூம்பு மாதிரி குழி பண்ணி, அதுல மணலும் சலிச்ச கம்போஸ்ட்டும் கலந்து நிரப்பி, தலையில மூணு விதை. கண்காட்சிக்குன்னு வளக்கறவங்க இதையே பெரிய டிரம்முல மணல் நிரப்பி பண்றாங்க, வேர் முனையோட சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல நீண்ட பார்ஸ்னிப்பெல்லாம் பிரிட்டன் போட்டிகள்ல வந்திருக்கு. நம்ம சமையலுக்கு ஒரு அடி போதும். தண்ணி, கோடையில வறட்சியா இருந்தா பத்து நாளுக்கு ஒரு தடவை ஆழமா விட்டா சரி, காய விட்டு காய விட்டு திடீர்னு வெள்ளமா விட்டா கிழங்கு வெடிக்கும்.

வெடிச்ச இடத்துல தான் கேன்கர் வரும். கிழங்கோட தோள்பட்டையில பழுப்பும் கறுப்புமா சொரசொரப்பா அழுகல், இலையுதிர் கால ஈரத்துல மோசமாகும், இதுக்கு மருந்து கிடையாது. கேரட் ஈ துளைச்ச காயம், களைக்கொத்து பட்ட காயம், விரிசல், எல்லாமே அந்தப் பூஞ்சைக்கு வாசல். முன்ன சொன்ன லேட் விதைப்போட லாபம் இங்க வருது: ஏப்ரல் கடைசி, மே மாசம் போட்ட கிழங்கு சின்னதா இருக்கும், சின்ன கிழங்குக்கு கேன்கர் குறைவு, கேரட் ஈயோட மொத தலைமுறைத் தாக்குதல்ல இருந்தும் ஓரளவு தப்பிக்கும். தோள்பட்டை வெளிய தெரியாம மண் அணைச்சு விடுங்க. கேரட் ஈ தரையை ஒட்டித் தான் பறக்கும், பாத்தியைச் சுத்தி 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய வலை கட்டினா பெரும்பாலும் உள்ள வராது. எதிர்ப்பு சக்தி உள்ள ரகமும் பாத்து வாங்கலாம், வெல்ஸ்போர்ன்ல உருவாக்கின ஏவன்ரெசிஸ்டர் சின்ன கிழங்கு, கேன்கரைத் தாங்கும். கிளேடியேட்டர், ஜாவ்லின் ரெண்டும் ஹைப்ரிட், ஒரே சீரா வரும். ருசிக்குன்னா டெண்டர் அண்ட் ட்ரூ, பழைய ரகம், அதை அடிச்சுக்க முடியாதுன்னு தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. பார்ஸ்னிப் இலை, தண்டுல இருக்கற சாறுல ஃபுரானோகூமரின்ங்கற பொருள் இருக்கு. அது தோல்ல பட்டு, அந்த இடத்துல வெயிலும் பட்டா, ஒண்ணு ரெண்டு நாள்ல தீப்பட்ட மாதிரி சிவந்து கொப்புளம் வரும், ஆறின பிறகும் கறுத்த தழும்பு மாசக்கணக்குல நிக்கும். பட்ட உடனே எரியாது, அதனால தான் எதனால வந்துதுன்னே பலருக்குத் தெரியறதில்ல. இலை நனைஞ்சிருக்கும்போதும் வெயில் அடிக்கும்போதும் தொடாதீங்க, முழுக்கை சட்டை, கையுறை போட்டுக்கிட்டு மேகமான நாள்லயோ சாயங்காலமோ களை எடுங்க, குழந்தைங்களை இலைக்குள்ள விளையாட விடாதீங்க. சாறு பட்டுருச்சுன்னா சோப்பு போட்டுக் கழுவி அந்த இடத்தை வெயில் படாம மூடிக்கோங்க. கனடாவுல இருக்கற நம்மாளுங்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்க தோட்டத்துல இருந்து தப்பிச்ச பார்ஸ்னிப் காட்டுச் செடியா ரோட்டோரமெல்லாம் நிக்குது, ஒன்டாரியோ மாகாணம் அதைத் தீங்கு செய்யற களைன்னு பட்டியல்லயே சேத்திருக்கு. நடைபாதை ஓரத்துல இடுப்பு உயரத்துக்கு மேல மஞ்சள் குடையா பூத்திருக்கறதைப் பாத்து பெருஞ்சீரகமோ சதகுப்பையோன்னு கிள்ளிடாதீங்க.

அறுவடைக்கு அவசரமே இல்ல. அக்டோபர்ல இலை பழுத்து சாய ஆரம்பிக்கும்போதே சாப்பிடலாம் தான், ஆனா ரெண்டு மூணு உறைபனி விழட்டும். குளிர் 4 டிகிரிக்குக் கீழ வந்ததும் கிழங்குல சேத்து வச்சிருக்கற மாவுச்சத்தை செடி சர்க்கரையா மாத்தும், சர்க்கரை கலந்த சாறு சுலபமா உறையாது, செடிக்கு அது பாதுகாப்பு, நமக்கு இனிப்பு. நவம்பர்ல தோண்டினதையும் ஜனவரியில தோண்டினதையும் ஒரே தட்டுல ரோஸ்ட் பண்ணிப் பாருங்க, ஜனவரி கிழங்கோட ஓரம் கேரமலா பொன்னிறத்துல மாறியிருக்கும். பனி இல்லாத வருஷம்னா கிழங்கை ஃப்ரிட்ஜுல அடித்தட்டுல ரெண்டு வாரம் வச்சாலும் ஓரளவு அந்த இனிப்பு வரும். இலை காஞ்சு மறைஞ்சிடும், அதனால வரிசைக்கு ரெண்டு முனையிலயும் குச்சி நட்டு வைங்க, மண்ணு பாறையா உறையற இடமா இருந்தா வைக்கோல் போட்டு மூடி வைங்க, இல்லேன்னா கிழங்கு இருந்தும் தோண்ட முடியாது. தோண்டறப்ப இழுக்காதீங்க, பக்கத்துல ஆழமா தோட்ட ஃபோர்க்கை (முள்ளு முள்ளா இருக்கற மண்வெட்டியை) இறக்கி மண்ணைத் தளர்த்தி எடுங்க. சாம்பாருக்கு கேரட் போடற இடத்துல போடலாம், புளிப்பும் காரமும் இந்த இனிப்புக்கு நல்லா சேரும், நடுத்தண்டு நாரா இருந்தா மட்டும் வெட்டி எடுத்துடுங்க. மார்ச்ல தலையில புது இலை கிளம்பும், அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும், அப்புறம் கிழங்கு கட்டையாயிடும்.

எல்லாத்தையும்னு சொன்னேன், ஆனா உங்ககிட்ட இருக்கறது ஹைப்ரிட் இல்லாத ரகம்னா நல்ல நேரான கிழங்கா நாலஞ்சை விட்டு வைங்க. ரெண்டாவது வருஷம் அது ஆள் உயரத்துக்கு எழும்பிப் பூக்கும், சிர்ஃபிட் ஈயும் குட்டிக் குளவியும் மொய்க்கும், அசுவினியைத் தின்ற கூட்டம் அது. விதை எடுக்கறதுல ஒரு நல்ல கதை கூட இருக்கு. இங்கிலாந்துல சிரன்செஸ்டர் விவசாயக் கல்லூரியில பேராசிரியரா இருந்த ஜேம்ஸ் பக்மேன் 1847ல காட்ஸ்வோல்ட்ஸ் மலைப் பக்கம் காட்டு பார்ஸ்னிப் விதையைப் பொறுக்கி வந்து விதைச்சார். காட்டு ரகத்தோட வேர் ஒல்லியா நாரா இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலயும் வேர் பருமனா இருக்கறதை மட்டும் விதைக்கு விட்டு விட்டு, பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள தோட்டத்துக்கு ஏத்த கிழங்கா கொண்டு வந்துட்டார். சட்டன்ஸ் விதைக் கம்பெனி அதை ஸ்டூடண்ட்ங்கற பேர்ல வித்தாங்க, அந்த ரகம் இன்னைக்கும் கிடைக்குது. நீங்க பண்ண வேண்டியதும் அது தான், கேன்கர் இல்லாத, கிளைக்காத கிழங்கை விதைக்கு விடுங்க, பக்கத்துல காட்டுச் செடி பூத்திருந்தா கலந்துரும், அதை மட்டும் பாத்துக்கோங்க. ஜூலை ஆகஸ்ட்ல உச்சிக் குடை பழுப்பானதும் காத்துல உதிர்றதுக்குள்ள கையுறை போட்டு அந்தக் குடையை மட்டும் வெட்டி, ரெண்டு வாரம் பேப்பர் பையில காய வச்சு, மூடின பாட்டில்ல குளிர்ச்சியான இடத்துல வைங்க. கீழ்க்குடைகளை செடியிலயே விட்டுடாதீங்க, உதிர்ந்தா தோட்டம் முழுக்க அது தான் முளைக்கும், வெட்டி அப்புறப்படுத்திடுங்க. பாட்டில்ல இருக்கற உச்சிக்குடை விதையை அடுத்த ஏப்ரல்லயே போட்டுடுங்க.